நாலரை மாடிக்குப் பொத்தான் இல்லை

இந்தக் கதையைக் கேட்க அமர்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கோயம்புத்தூரில் நறுமுகை என்றோர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதற்கு ஏழு மாடிகள், ஒரு படிக்கட்டு, ஒரு லிஃப்ட். தெருவில் நின்று எண்ணினாலும் ஏழு, படியேறி எண்ணினாலும் ஏழு, வரி விதிக்க வந்த மாநகராட்சி அலுவலர் எண்ணியபோதும் ஏழு. அந்த லிஃப்டைப் பராமரித்துவந்தது ஏறுமுகம் லிஃப்ட் சர்வீஸ் என்னும் சிறு நிறுவனம். அதன் உரிமையாளர் ரெஜினா நாற்பதைத் தொடாதவர். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு கட்டடமாகக் கொத்திக்கொண்டு போக, எஞ்சிய கட்டடங்களைக் கோழி குஞ்சைக் காப்பதுபோலக் காத்துவந்தவர். எவர் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் காலணியைப் பார்ப்பவர்.

அங்கே தொழில் பழகுநராகச் சேர்ந்தவள் கோகிலவாணி, சூலூர்ப் பக்கத்துக்காரி, ஐ.டி.ஐ.யில் மின்பணி படித்தவள். ஒரு பெண் லிஃப்டின் தலைமீது ஏறி நின்று வேலை செய்வாள் என்பதை அவளுடைய அப்பா நம்பவில்லை. அம்மா நம்பினாள், ஆனால் அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை. பெண்கள் அளவில் பாதுகாப்புக் காலணி கடைகளில் கிடைக்காதபோது ரெஜினா அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். பட்டறையில் தமக்கென வைத்திருந்த கழிப்பறையின் சாவியைக் கொடுத்தார். “கீழ விழுந்து வெச்சீன்னா கேசு எம்மேலதான் வரும், பாத்துக்க” என்ற அறிவுரையையும் கொடுத்தார். அதற்குமேல் அன்பாகப் பேச அவருக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக அறிய வேண்டியது பூட்டைப் பற்றியது. ஏறுமுகத்தில் சேர்பவர் எவராயினும் முதல் நாளில் அவர் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டொன்று தரப்படும். லிஃப்ட் ஏறி இறங்கும் கூண்டுக்குள் வேலைக்கு இறங்குமுன் மொட்டை மாடி மெஷின் ரூமிலுள்ள மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் அவரவர் தம் பூட்டை மாட்டி, சாவியைத் தம் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும்போது பூட்டோடு இரண்டு சாவிகள் வரும் அல்லவா? இரண்டாவது சாவியை ரெஜினா பழகுநரின் கண்ணெதிரே வைஸ் என்னும் இரும்புப் பிடியில் கவ்வவைத்து, சுத்தியலால் ஒரே அடியில் ஒடித்துவிடுவார். வாணி சேர்ந்த அன்றும் ஒடித்தார்.

“இனி இந்த ஒலகத்துல இந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான். நீ மாட்டுனா நீதான் எடுக்கோணும். நானே வந்து கத்துனாலும், கலெக்டரே வந்து கத்துனாலும், நீ வெளிய வந்து எடுக்கற வரைக்கும் லிஃப்டு ஓடாது. உன் உசுருக்கு உன் சாவி.”

அறிய வேண்டியவை இவ்வளவே. இனி நடந்தது.

பழகுநர்களுக்கு லிஃப்ட் ஓடும் தண்டவாளம் துடைப்பதும் கூண்டின் அடிப்பள்ளத்தில் குப்பை அள்ளுவதும் முதலிலும், கதவு வேலை அதற்குப் பிறகும், மட்டம் பார்ப்பது அதற்கும் பிறகும் கற்றுத்தரப்படும். பிரேக்கும் கண்ட்ரோல் பேனலும் கடைசியில்தான். வாணி மட்டம் பார்க்கும் நிலைக்கு உயர்ந்திருந்தாள். மட்டம் பார்ப்பதென்றால், கேபினின் தரையும் மாடியின் தரையும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று இரும்பு ஸ்கேலை வைத்துச் சோதிப்பது. தவறினால் ஏறுபவர் தடுக்கி விழுவார். அவளுக்குக் கற்றுத்தந்தவன் சபரீஷ், அவளைவிடச் சில வயது மூத்த மெக்கானிக். சொல்லித்தருவதைவிடக் கேலி செய்வதில் தேர்ந்தவன்.

அன்று நறுமுகையில் அவன் ஐந்தாம் மாடியில் நின்றான். வாணி கேபினுக்குள் இருந்தாள். நான்காம் மாடியின் மட்டம் சரியாக இருந்தது. ஐந்தை அமுக்கினாள். லிஃப்ட் நகர்ந்தது, நின்றது, கதவு திறந்தது. கற்றுத்தந்தபடி அவள் வெளியே பார்க்காமல் முதலில் தரையைப் பார்த்தாள், ஸ்கேலை வைத்தாள், குரல் கொடுத்தாள்.

“அண்ணா, அஞ்சாவது ஒரு விரக்கடை கீழ நிக்குதுங்க.”

“அஞ்சாவதுல நான் நிக்கறேன் அம்மிணி. லிஃப்டு இன்னும் இங்க வரவே இல்ல.” அவனுடைய குரல் தலைக்கு மேலிருந்து வந்தது.

அப்போதுதான் வாணி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அகலமான வெற்றுக் கூடம். வழுவழுப்பான சிமெண்டுத் தரை. நான்கு சுவரிலும் சன்னல்கள். எந்தச் சன்னலைப் பார்த்தாலும் அதில் மருதமலை தெரிந்தது. மாலை வெயில் இதமாக விழுந்து கிடந்தது, அப்போது மணி காலை பதினொன்றுதான் என்றாலும். அவள் கூடத்தில் கால் வைக்கவில்லை. மட்டம் சரியில்லாத மாடியில் கால் வைக்கக் கூடாது என்பது பாடம்.

சபரீஷ் படியிறங்கி நான்காம் மாடிக்கு வந்து, அங்கே லிஃப்ட் இல்லை என்பதைக் கண்டு, மறுபடி ஐந்துக்கு ஏறி, அங்கும் இல்லை என்பதைக் கண்டு, நடுப்படியில் நின்று வெறும் சுவரைத் தட்டினான். அந்தப் பக்கமிருந்து வாணி தட்டினாள். அவள் கீழே வந்து இறங்கியதும் அவன் கேபினில் ஏறித் தனியே போய்ப் பார்த்தான்; லிஃப்ட் நான்கிலும் ஐந்திலும் மட்டுமே நின்றது. வாணியை உடன் ஏற்றிப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் நின்று கதவைத் திறந்தது. பேனலைத் திறந்து கம்பிகளைச் சோதித்தான்; எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

“லிஃப்டுல கோளாறு இல்ல. உங்கிட்டதான் எக்ஸ்ட்ராவா ஒரு மாடி இருக்குது” என்று அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

வாணி ஏறினால் நிற்கும், வாணி ஏறாவிட்டால் நிற்காது என்ற செய்தி அன்று மதியத்துக்குள் நறுமுகையின் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டது. காரணம் என்னவென்று கேட்டவர் ஆறாம் மாடியில் ஒரே ஒருவர். அவருக்கும், அந்தக் கூடத்தில் வெயில் அடிக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் காரணம் தேவைப்படவில்லை. அது ஐப்பசி மாதம், அடைமழை பிடித்திருந்தது; அரிசி ஊறப்போட்டுவிட்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த நான்காம் மாடி இந்திராணி, மறுநாளே வடகமாவுச் சட்டியையும் பழைய வேட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து லிஃப்டின் முன் நின்றார்.

“கண்ணு, ஒரு நட கொண்டுபோய் வுட்டுட்டு வந்துரு. காஞ்சதும் உனக்குத்தான் மொத டப்பா.”

இந்திராணியின் வடகம் காய்ந்த செய்தி பரவியதும் மிளகாய் வந்தது, மிளகாய்க்குப் பின்னால் அரிசி அப்பளம் வந்தது, அப்பளத்துக்குப் பின்னால் துவைத்த போர்வைகள் வந்தன, போர்வைகளுக்குப் பின்னால் வீட்டில் வைக்கவும் மனமில்லாமல் பழைய கடையில் போடவும் மனமில்லாமல் இருந்த தொட்டில்களும் கொலுப் படிகளும் ஓடாத தையல் மெஷின்களும் வந்தன, அவற்றை ஓரமாக ஒதுக்கிய இடத்தில் ஒரு கணக்கு டியூஷன் வந்தது, டியூஷன் முடிந்த நேரத்தில் மூச்சுப் பயிற்சி வந்தது. டெலிவரிக்கு வந்த பையன்கள் “நாலரைங்களா?” என்று கேட்கத் தொடங்கினார்கள், அப்படித்தான் அந்த மாடிக்கு நாலரை என்று பெயர் விழுந்தது. நான்காம் மாடிக்காரர்கள் அது தங்களுடைய கூரை என்றார்கள், ஐந்தாம் மாடிக்காரர்கள் அது தங்களுடைய அஸ்திவாரம் என்றார்கள். சங்கக் கூட்டத்தில் இரண்டு தரப்பும் மேசையைத் தட்டின. சங்கத்தின் செகரட்டரி பூபதி எழுந்து நின்று, மாநகராட்சிக்குத் தெரிந்தால் அவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள், வரி போடுவார்கள் என்றார். அதோடு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஒரே ஒரு குறை இருந்தது. வாணி முதல் நாளில் சொன்ன விரற்கடை அப்படியே இருந்தது. நாலரையில் இறங்கியவர்கள் அனைவரும் தடுக்கினார்கள்; மாவுச் சட்டி தடுக்கியது, டியூஷன் பிள்ளைகள் தடுக்கினார்கள், மூச்சுப் பயிற்சி ஆசிரியர் தடுக்கி விழுந்து மூச்சு விட மறந்தார். சரிசெய்ய வேண்டுமானால் லிஃப்டை நிறுத்திக் கூண்டுக்குள் இறங்க வேண்டும். நிறுத்தச் சங்கம் சம்மதிக்கவில்லை.

“பரவால்ல அம்மிணி, பழகிக்குவாங்க” என்றார் பூபதி.

பிறகு அவர் ரெஜினாவுக்குத் தொலைபேசினார். வாணியை நறுமுகையிலேயே காலை முதல் மாலை வரை வைத்திருந்தால் பராமரிப்பு ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகவும், இல்லையென்றால் பெரிய நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருப்பதாகவும் சொன்னார். ரெஜினா மிஞ்சியிருந்த கட்டடங்களை விரல்விட்டு எண்ணினார். பிறகு, கொஞ்ச நாளைக்கு என்றார்.

இப்படியாகக் கோகிலவாணிக்கு ஒரு ஸ்டூல் போடப்பட்டது.

அவளை எவரும் வதைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். காலையில் இந்திராணி பணியாரம் கொடுத்தார், மதியம் எவராவது ரசம் சாதம் கொடுத்தார்கள், மார்கழிக் குளிருக்கு ஒரு வீட்டிலிருந்து சால்வை வந்தது. அவள் ஸ்டூலில் அமர்ந்து மேலே போனாள், கீழே வந்தாள், மேலே போனாள், கீழே வந்தாள். காலணியில் கிரீஸ் படியவில்லை. நகக்கண்கள் வெளுத்தன. அளவெடுத்துத் தைத்த காலணி இப்போது இறுக்கியது. நாலரையில் ஆள் இருக்கும்போது அவளால் கட்டடத்தைவிட்டுப் போக முடியாது. அங்கே படி கிடையாது, அவளன்றி அவர்களுக்கு வழியும் கிடையாது. ஆள் இல்லாத நேரமென்று ஒன்று வரவர இல்லாமல் போயிற்று.

அவளுக்கு முன்னால் தொழில் தேர்வு இருந்தது. மாசியில் நடக்கும். பிரேக்கை அளவாக முறுக்க வேண்டும், பேனலில் வைக்கப்படும் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். தேறினால் மெக்கானிக், தேறாவிட்டால் பழகுநர் காலம் அத்துடன் முடியும், ஸ்டூல் மட்டும் மிஞ்சும். அவள் பிரேக்கைத் தொட்டதே இல்லை.

சபரீஷ் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து கேபினில் ஏறினான். “என்னங்க லிஃப்ட்காரம்மா, ஏழாவது மாடிக்கு ஒரு டிக்கெட்டுங்க.”

வாணி சிரிக்கவில்லை. “அண்ணா, பிரேக்குல லைனருக்கும் டிரம்முக்கும் நடுவுல எவ்வளவு இடம் வுடோணும்?”

“பாடத்துல போட்டிருக்குமே.”

“பாடத்துல போட்டிருக்குது. கைக்குத் தெரியல.”

அவன் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. பட்டறைக்குப் போய் ரெஜினாவிடம் அதே சொற்களைச் சொன்னான். அந்தப் பருவத்தில் ரெஜினா நறுமுகைப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தார். அந்தத் தெருவைத் தவிர்க்க இரண்டு தெரு சுற்றிப் போனார் என்று சபரீஷுக்குத் தெரியும். மறுநாள் ஒரு பழைய பிரேக்கும் ஒரு பழைய பேனலும் டெம்போவில் நறுமுகைக்கு வந்தன. நாலரையில், வடகத்துக்கும் தையல் மெஷின்களுக்கும் நடுவே, அவற்றை இறக்கிவைத்தான் சபரீஷ். வாணி ஸ்டூலைவிட்டு எழுந்து வர முடிந்த நேரங்களிலெல்லாம் முறுக்கினாள், தளர்த்தினாள், முறுக்கினாள். கைக்குத் தெரியத் தொடங்கியது. ஆனால் தரையில் கிரீஸ் படிந்தது.

பூபதியின் மகளுக்கு மாசியில் நிச்சயதார்த்தம். நான்கு பக்கமும் மருதமலை தெரியும் மண்டபம் ஊரில் வேறில்லை. ‘இடம்: நறுமுகை, நாலரை மாடி’ என்று பத்திரிகை அச்சாகிவிட்டது. பூபதி தரையைப் பார்த்தார். ஆட்களை விட்டு, பிரேக்கையும் பேனலையும் பார்க்கிங்கில் கொண்டுபோய்ப் போட்டார்.

“பாடம் படிக்க ஊருல எத்தனையோ எடம் இருக்குது. இது நல்ல காரியம் நடக்கற எடம் அம்மிணி.”

“எனக்கும் பரீட்சை நல்ல காரியந்தானுங்களே.”

“பரீட்ச எழுதிப் பாஸாகிட்டா நீ இங்கயா இருப்ப? போயிருவ. அப்புறம் நாலரைக்கு யாரு கூட்டிப்போறது?” அவர் கோபமாகச் சொல்லவில்லை. மின்வெட்டைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

தேர்வும் நிச்சயதார்த்தமும் ஒரே வாரத்தில் அமைந்தன. தேர்வு நாள் காலையில் பூபதி வழக்கம்போல் செய்தித்தாளோடும் காப்பிச் செம்போடும் வந்து, நாலரையில் இறங்கி, வழக்கம்போல் தடுக்கி, தம் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். வாணி காத்திருந்தாள். காப்பி முடிந்தது. செய்தித்தாள் முடிந்தது. அவர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

“சார், நான் கெளம்போணுங்க. பத்தரைக்கு அங்க இருக்கோணும்.”

“போய்ட்டு வா அம்மிணி. நான் இங்கயே இருக்கறேன்.”

“ஆள வுட்டுட்டு எப்பிடிங்க போறது? நான் இல்லீன்னா இந்த மாடி இருக்குமோ என்னமோ.”

“அது உனக்குத் தெரியுமில்ல?” என்றார் பூபதி, தாளைப் புரட்டியபடி. “அப்ப எப்பிடிப் போவ?”

அவர் கணக்கு சரியானது. அவள் போக மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவள் நன்றாகப் பழக்கப்பட்டவள். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதை அவளுக்குச் சொல்லித்தந்த நிறுவனத்தின் நற்பெயரே அவருடைய பூட்டாக இருந்தது. வாணி கேபினின் வாசலில் நின்றாள். கெஞ்சினாள். அழுகை வந்தபோது அதை அவர் பார்க்கக் கூடாதென்று பொத்தான் பலகையைப் பார்த்து நின்றாள். அவளை அழைத்துப்போகக் கீழே பைக்கோடு காத்திருந்த சபரீஷுக்குத் தொலைபேசினாள். சபரீஷ் ரெஜினாவுக்குத் தொலைபேசினான்.

ரெஜினா இரண்டு தெரு சுற்றாமல் நேராக வந்தார். வாணி கீழே கொண்டுவந்த கேபினில் ஏறி, அவளுடைய காலணியைப் பார்த்தார். பிறகு, அதுவரை இல்லாத வழக்கமாக, முகத்தையும் பார்த்தார்.

“இறுக்குதா?”

“ஆமாங் மேடம்.”

“சொல்லீருக்கலாமில்ல. நான் கேட்டிருக்கோணும்.” ரெஜினா நான்குக்கு மேல் வரும் அந்த நிறுத்தத்தில் முதன்முறையாக இறங்கினார், அவரும் தடுக்கினார். “என்ன இது, ஒரு விரக்கடை எறங்கிக் கெடக்குது! மொத நாளே சொன்னியா?”

“சொன்னனுங்க.”

“ம்.” பூபதிக்கு எதிரே, மிளகாய்க்கும் அப்பளத்துக்கும் நடுவே, வெறுந்தரையில் ரெஜினா சப்பணமிட்டு உட்கார்ந்தார். “சார் எந்திரிக்கறாப்ல இல்லீன்னா நானும் எந்திரிக்கல. வாணி, நீ மேல போய் மெயின அணைச்சுப்போட்டு, உன் பூட்ட மாட்டி, சாவிய எடுத்துக்கிட்டுப் பரீட்சைக்குப் போ. அப்பிடியே சுவிட்சப் பூட்டாம வுட்டா, ஆரோ ஒருத்தர் அமுக்கி, லிஃப்டு ஓடி, இங்க ஏதாச்சும் ஆகிப்போகும். பூட்டு இருந்தா ஒண்ணும் அசையாது.”

வாணி அசையவில்லை. “மேடம், உள்ள எறங்கறவங்கதான் பூட்டு மாட்டோணும். உங்க உசுருக்கு உங்க சாவி.”

“என் சாவி என்கிட்ட இருந்தா, இங்கிருந்துட்டு நான் அத எங்க போய்த் தெறக்கறது? இன்னைக்கு என் உசுருக்கு உன் சாவி. போ புள்ள, நேரமாகுது.”

பூபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மேடம், அந்தப் பொண்ணு திரும்பி வரலீன்னா?”

“பூட்டு அவளுது சார்” என்றார் ரெஜினா. “வந்துதானே ஆகோணும்.”

வாணி ஏழாம் மாடிக்குப் போய், மொட்டை மாடிக்கு ஏறி, மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டை மாட்டினாள். ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏழு மாடியும் படியிறங்கினாள். அவளுக்குப் பின்னால் நறுமுகை முழுவதும் படியிறங்கியது, படியேறியது, மூச்சு வாங்கியது, முணுமுணுத்தது. இந்திராணி மட்டும் வாசலுக்கு வந்து, “கண்ணு, வடகம் கெடந்தாக் கெடக்குது. நீ பாத்து எழுது” என்றார்.

தேர்வுக் கூடத்தில் பேனல்கள் வரிசையாக நின்றன. தேர்வாளர் அவளுடைய முறை வந்ததும் சுவிட்சைக் காட்டினார். “மொதல்ல என்ன செய்வீங்க?”

“அணைச்சுப் பூட்டு மாட்டுவனுங்க.”

“மாட்டுங்க.”

அவளிடம் பூட்டு இல்லை. சாவியை எடுத்துக் காட்டினாள். “பூட்டு வேலைல இருக்குதுங்க. ஆளு மேல மாட்டியிருக்கேன்.”

தேர்வாளர் அதை விசாரிக்கவில்லை. மாசியில் எத்தனையோ பழகுநர்கள் எத்தனையோ சொல்வார்கள். மேசையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் வளையத்தோடு இரண்டு சாவிகள் தொங்கின. வாணி அவற்றைப் பார்த்தாள். பிறகு கூடத்தின் ஓரத்தில் இருந்த வைஸுக்கு நடந்தாள், இரண்டாவது சாவியைக் கவ்வவைத்தாள், சுத்தியலை எடுத்தாள், ஒரே அடியில் ஒடித்தாள்.

“ஏம்மா! அது கவர்மென்ட் சாவிம்மா!”

“இருக்கட்டுங்க. ரெண்டு சாவி இருந்தா அது பூட்டே இல்லீங்க” என்றாள் வாணி. புதுப் பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, பேனலைத் திறந்தாள். அவளுடைய பையில் இப்போது இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று லேசாகவும் ஒன்று இரண்டு பேரின் எடையோடும் தொடையில் அழுத்தின. கோளாறைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரமாயிற்று. ஒரு முறை தவறான கம்பியைத் தொட்டு, தவறென்று அறிந்து, கையை எடுத்தாள். பிரேக்கை மட்டும் யோசிக்காமல் முறுக்கினாள். அது கைக்குத் தெரிந்திருந்தது.

மாலையில் அவள் திரும்பியபோது நறுமுகையின் படிகளில் ஆங்காங்கே களைத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவளுக்கு வழிவிட்டார்கள். மொட்டை மாடியில் பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தாள், சுவிட்சைப் போட்டாள், ஏழிலிருந்து கேபினில் கீழே வந்தாள். ஆறு போயிற்று. ஐந்து போயிற்று. லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது.

ரெஜினா காலணியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். பூபதி நாற்காலியைவிட்டுத் தரைக்கு இறங்கி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார், சந்தையில் தொலைந்த பிள்ளை பிடித்துக்கொள்வதுபோல. இருவரும் வாணியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னாலும் சுற்றிலும் இருந்த சன்னல்களைப் பார்த்தார்கள். அவற்றில் அப்போதுதான் மருதமலை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“நீ போனதும் மல போயிருச்சு அம்மிணி” என்றார் பூபதி. “வெயிலும் போயிருச்சு. இருட்டுன்னும் சொல்ல முடியாது. சன்னலுக்கு அந்தப் பக்கம்…” எழுந்து வந்தார், கேபினில் இறங்கும்போது தடுக்கினார், வாணி பிடித்துக்கொண்டாள்.

ரெஜினா காலணியை மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி, மெல்ல எழுந்தார். “எப்பிடிப் பண்ணுன?”

“ஒரு சாவிய ஒடச்சுட்டேனுங்க மேடம்.”

“நம்முளுதா?”

“கவர்மென்ட்டுதுங்க.”

“அப்பச் சரி” என்றார் ரெஜினா. “வா, கீழ போலாம்.”

அதற்குப் பிறகு முடிவானவை பின்வருமாறு. கோகிலவாணி தேறினாள், ஒடிந்த சாவிக்கான தொகையை நிறுவனம் செலுத்தியது. பூபதி வீட்டு நிச்சயதார்த்தம் ஒரு சாதாரண மண்டபத்தில் நடந்தது. பத்திரிகைகளில் நாலரை மாடி என்பதன்மேல் துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டது, வாணிக்கும் ரெஜினாவுக்கும் ஒட்டாத பத்திரிகை வந்தது. நறுமுகையின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அதில் பூபதி தம் கையால் சேர்த்த வாசகம், மெக்கானிக் பூட்டு மாட்டியிருக்கும்போது எவரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது. ஸ்டூல் வாட்ச்மேனுக்குக் கொடுக்கப்பட்டது.

வாணி மெக்கானிக் ஆன பிறகு, பயணியாகக் கேபினில் ஏறினால் லிஃப்ட் மற்றவர்களுக்கு நிற்பதுபோலவே நான்கிலும் ஐந்திலும் நின்றது. பூட்டை மாட்டி வேலைக்கு இறங்கும் நாளில் மட்டும், கூண்டுக்குள் அவளுடைய டார்ச்சு வெளிச்சம் படும் இடத்தில் நாலரையின் வாசல் தெரிந்தது. வேலை முடித்து அவள் பூட்டைக் கழற்றி ஓட்டிப் பார்த்து முடிக்கும் வரை அது திறந்திருக்கும், லிஃப்ட் அங்கேயும் நிற்கும். ஆகவே மாதம் ஒருமுறை, சர்வீஸ் நாளில், முன்பே கேட்டுக்கொண்டவர்கள் போய்த் தங்கள் பொருள்களை எடுத்து வந்தார்கள். தொட்டில்கள் எடுக்கப்பட்டன, தையல் மெஷின்களை எவரும் எடுக்கவில்லை. இந்திராணி இப்போது வெயில் காலத்தில் மொட்டை மாடியில் வடகம் போடுகிறார், எல்லாரையும்போல. நாலரை யாருடையது என்ற வழக்கு நான்காம் மாடியும் ஐந்தாம் மாடியும் களைத்துப்போனதால் தள்ளுபடியாயிற்று. அதற்குப் பொத்தான் வைக்கும் யோசனையும் ஒருமுறை வந்தது. பூபதி எழுந்து நின்று, சன்னலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, உட்கார்ந்துவிட்டார்.

ஏறுமுகத்தில் அடுத்த பழகுநர் சேர்ந்தபோது இரண்டாவது சாவியை ஒடிக்கச் சுத்தியல் வாணியிடம் கொடுக்கப்பட்டது. அளவெடுக்கும்போது காலணியில் வளர்வதற்கு இடம் விடச் சொன்னார் ரெஜினா.

மெக்கானிக்காக வாணி நறுமுகையில் செய்த முதல் வேலை எது என்பதும் முடிவாகவே பதிந்திருக்கிறது. பூட்டை மாட்டி, கேபினின் தலைமீது ஏறி நின்று, எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த வாசலுக்கு எதிரே இரும்பு ஸ்கேலை வைத்து, மட்டத்தை அவள் சரிசெய்தாள். நாலரையில் இப்போது எவரும் தடுக்குவதில்லை.